கட்-ஆஃப் இல்லாத கல்லூரிகள்: அமெரிக்கச் சேர்க்கையும் அந்த 650 சொற்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்து, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகக் குறைத்துக் கூட்டினால் 200-க்கு இத்தனை என்று ஒரு எண் வந்துவிடும். போன வருஷப் பட்டியலைப் பக்கத்தில் வைத்தால், எந்தப் பொறியியல் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதை எதிர் வீட்டு மாமாகூடச் சொல்லிவிடுவார். கவுன்சலிங்கில் நீங்கள் யார், சனிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் இளங்கலை படிக்க விண்ணப்பிக்க உட்காரும் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது, "ஹார்வர்டுக்கு எவ்வளவு சார் கட்-ஆஃப்?" என்பதுதான். கட்-ஆஃப் என்று ஒன்று அங்கே கிடையாது. 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. மீதிப் பேரில் வகுப்பிலேயே முதலாக வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். மதிப்பெண் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே யாரைக் கூப்பிடுவது என்பதை வேறு காகிதங்களைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இப்படிச் சலித்தெடுக்கும் கல்லூரிகளைத்தான் 'செலக்டிவ்' என்கிறார்கள். அமெரிக்காவில் இவை கொஞ்சம்தான். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் சேர்த்துக்கொள்பவை. அங்கே இந்தக் கட்டுரையில் சொல்வதில் பாதிக்குத் தேவையே இருக்காது.

விண்ணப்பம் பெரும்பாலும் 'காமன் ஆப்' என்ற ஒரே தளம் வழியாகப் போகும். 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. ஒரு முறை நிரப்பினால் 20 கல்லூரிவரை அனுப்பலாம். எம்ஐடிக்கு (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்; நம் சென்னை எம்ஐடி இல்லை) தனி விண்ணப்பம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். ஒவ்வொரு கல்லூரிக்கும் 75 டாலர், 90 டாலர் என்று கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். வசதி இல்லாதவர்கள் தள்ளுபடி கேட்கலாம்; கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உள்ளே போகும் காகிதங்களில் முதலாவது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரையான மதிப்பெண்கள். இவற்றை உங்கள் பள்ளியின் சூழலில் வைத்துத்தான் படிப்பார்கள். பள்ளியில் இல்லாத பாடத்தை ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வைக் கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் விருப்பமாக்கின. எம்ஐடி 2022-இல் மறுபடி கட்டாயமாக்கியது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் மூன்றும் 2024-இல் அதே அறிவிப்பை வெளியிட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. ஆகவே பொத்தாம்பொதுவாக "எஸ்ஏடி வேணுமா வேண்டாமா" என்று கேட்டால் பதில் கிடையாது. கல்லூரிக்குக் கல்லூரி பார்க்க வேண்டும்.

அடுத்தது செயல்பாடுகள் பட்டியல். பத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள்தான். 150 சொற்கள் என்று நினைத்து எழுதிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் இங்கே செய்யும் பெரிய தவறு, வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. அப்பாவின் மளிகைக் கடையில் மாலை மூன்று மணி நேரம் நிற்பவன், தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சமைத்துப் போடுபவள் இருவருமே "ஒன்றும் இல்லை சார், நான் எதிலும் சேரவில்லை" என்பார்கள். அந்தப் பட்டியலில் குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை என்று தனித்தனி வகையே இருக்கிறது. மூன்று நாள் தொண்டு நிறுவனத்தில் நின்று எடுத்த போட்டோவைவிடக் கடையில் நின்ற நாலு வருஷம் கனமானது.

பரிந்துரைக் கடிதம்தான் நம் பள்ளிகளில் சிக்கும் இடம். "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று ஆசிரியர் அன்பாகவே சொல்வார். மாணவன் தன்னைப் பற்றி எழுதும் கடிதம் எப்படி இருக்கும்? நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக, அந்த ஆசிரியரின் வகுப்பில் நடந்த நாலைந்து சம்பவங்களை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள்: எந்தக் கணக்கில் தகராறு செய்தீர்கள், லேபில் எதைக் கெடுத்தீர்கள், யாருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவருக்கு ஞாபகம் வந்துவிடும். தமிழில் சொன்னால்கூட ஆங்கில ஆசிரியர் ஒருவர் உதவியோடு அவர் எழுதிவிடலாம்.

தேதிகள். தளம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி திறக்கும். முன்கூட்டியே போடுவதற்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1. வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். முன்கூட்டிய சுற்றில் இரண்டு வகை உண்டு. 'எர்லி ஆக்ஷன்' என்றால் முடிவு சீக்கிரம் வரும், சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'எர்லி டிசிஷன்' என்றால் அந்த வகையில் ஒரே கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திட வேண்டும். கல்யாணத்துக்குப் பாக்கு மாற்றுவது போல. கொடுக்கும் உதவித்தொகை போதவில்லை என்றால் மட்டும் விலகிக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றி யாரும் முதலில் பேசுவதில்லை. நான் முதலிலேயே பேசச் சொல்வேன். பெரிய தனியார் கல்லூரிகளில் ஒரு வருஷச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது, ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், "இவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்குமே" என்பதையும் யோசித்துத்தான் பெரும்பாலான கல்லூரிகள் முடிவு செய்யும். அதை யோசிக்காமல், இடம் கொடுப்பதைத் தனியாகவும் பணத்தைத் தனியாகவும் முடிவு செய்யும் முறைக்கு 'நீட்-பிளைண்ட்' என்று பெயர் (நம் ஊர் நீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது தேவையைக் குறிக்கும் நீட்). ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இப்படிச் செய்கின்றன. டார்ட்மத், போடின் (Bowdoin) கல்லூரிகளும் 2022-இல் சேர்ந்துகொண்டன. பட்டியல் போடும்போது பெயரையும் தரவரிசையையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

சரி, இப்போது விண்ணப்பத்தோடு மாணவர் தன்னைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டிய கட்டுரைக்கு வருவோம். மதிப்பெண்ணைப் பார்த்தோமா, இடம் கொடுத்தோமா என்று இருக்காமல் இவர்கள் ஏன் கதை கேட்கிறார்கள்? அதற்குப் பின்னால் அவ்வளவு அழகில்லாத ஒரு வரலாறு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் ஹார்வர்டும் பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுத்தது. அந்தப் பரீட்சையில் நன்றாக எழுதிக் குடியேறிகளின் பிள்ளைகள், முக்கியமாக யூத மாணவர்கள், உள்ளே வந்தார்கள். 1922 வாக்கில் புது மாணவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவெலுக்கு இது பிடிக்கவில்லை. 15 சதவீதத்தோடு நிறுத்தலாம் என்றார். பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். வெளிப்படையான ஒதுக்கீடு நடக்கவில்லை. ஆனால் 1926-இல் விதி மாறியது: பரீட்சை மட்டும் போதாது, 'குணநலன்' பார்க்க வேண்டும்; விண்ணப்பத்தில் போட்டோவும் ஒட்ட வேண்டும். குணம் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேண்டாதவர்களை வெளியே நிறுத்தினார்கள். மற்ற பெரிய கல்லூரிகளும் இதே வழியில் போயின.

காலப்போக்கில் அதே முறை வேறு வேலைக்கும் பயன்பட்டது: மதிப்பெண் பட்டியலில் தெரியாத கஷ்டத்தையும் திறமையையும் பார்ப்பதற்கு. ஆனாலும் பழைய சந்தேகம் தீரவில்லை. 2014-இல் ஹார்வர்ட் மீது வழக்குப் போட்டார்கள். 2018-இல் நடந்த விசாரணையில், ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் 1 முதல் 6 வரை ஆளுமை மதிப்பெண் போடுவதும், ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது சராசரியாக மற்றவர்களைவிட மோசமாக இருந்ததும் வெளியே வந்தன. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதினால் அதைப் படிக்கலாம் என்று அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ஒரு வாசலையும் திறந்து வைத்தார். ஆகக் கட்டுரையின் கனம் கூடிவிட்டது. முழுக்க நியாயமான கருவி என்று நான் இதைச் சொல்லமாட்டேன். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் குரல் நேரடியாகக் கேட்கும் இடம் இதுதான்.

காமன் ஆப் கட்டுரைக்குக் குறைந்தது 250 சொற்கள், அதிகபட்சம் 650. ஏழு தலைப்புகள் தருவார்கள்; ஏழாவது "உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள்" என்பதுதான். அதனால் தலைப்பைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எம்எஸ் படிக்கப் போன அண்ணன் அக்கா வீட்டில் இருந்தால் அவர்கள் எழுதிய எஸ்ஓபியைக் காட்டி "இது மாதிரி எழுது" என்பார்கள். அது வேறு சரக்கு. எஸ்ஓபி என்பது இன்ன ஆய்வு செய்தேன், இன்ன பேராசிரியரிடம் இன்னது படிக்க வேண்டும் என்று தொழில் பேசுவது. பதினேழு வயதுப் பிள்ளையின் கட்டுரையில் அவர்கள் தேடுவது, நாலு வருஷம் ஒரே விடுதியில், ஒரே வகுப்பில் உட்காரப்போகும் இந்த ஆள் யார் என்பதை.

படிப்பவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பல கல்லூரிகளில் நாடு, மாநிலம் என்று பகுதி பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இந்தியாவின் விண்ணப்பங்கள் ஒருவர் அல்லது சிலர் மேசைக்கே போகும். ஒரு விண்ணப்பத்துக்குக் கால் மணி நேரம் முழுதாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ரோபோ போட்டியில் தோற்று ஜெயித்த கதை, கிராமத்துக்குப் போய் ஏழைக் குழந்தைகளைப் பார்த்து மனம் உருகிய கதை, கையை உடைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடிய கதை என்று அவர் அந்த வாரமே நிறையப் படித்திருப்பார். அந்தச் சம்பவங்கள் பொய் என்று இல்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

இராமநாதபுரம் பக்கத்து மாணவி ஒருத்தியின் கட்டுரையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். எழுதியது ஆங்கிலத்தில், சாரத்தைத் தமிழில் தருகிறேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "சிறு வயதிலிருந்தே கணிதம் என் உயிர். எண்கள் எப்போதும் என்னோடு பேசும்." பிறகு மூன்று பரிசுகள், ஒரு ஒலிம்பியாட், ராமானுஜன், முடிவில் நாட்டுக்குச் சேவை. எல்லாமே செயல்பாடுகள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. படித்து முடித்ததும் அவளைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

"சனிக்கிழமை என்னம்மா பண்ணுவே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். அப்பத்தாவோட போஸ்ட் ஆபீஸ் போவேன்."

"அங்க என்ன வேலை?"

"அப்பத்தாவுக்கு ஃபாரம் எழுதணும். நான் பேனா வச்சிருக்கிறதைப் பார்த்துட்டு மத்தவங்களும் எழுதித் தரச் சொல்லுவாங்க."

இழுத்து இழுத்துக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. படிவத்தில் வயது என்று ஒரு கட்டம் இருக்கும். கேட்டால், "அறுபதுன்னு போடு தாயி", "அறுபத்தஞ்சு போட்டுக்க" என்பார்கள். அறுபத்திரண்டு, அறுபத்தேழு என்று யாரும் சொன்னதே இல்லை. பலருடைய ஆதாரிலும் பிறந்த நாள் ஜனவரி 1. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்களுக்கு அப்படிப் பதிந்துவிடுவது வழக்கம். இவளுக்கு அது உறுத்தியிருக்கிறது. ஒரு பழைய டைரியில் குறிக்க ஆரம்பித்தாள். பக்கம் பக்கமாக 60, 65, 70. அப்புறம் இன்னொரு பத்தி போட்டு, "புயல் வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு பாட்டி?" என்று கேட்கத் தொடங்கினாள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை அந்தப் பக்கத்துக் கிழவிகள் யாரும் மறக்கவில்லை. அப்போது கைக்குழந்தை இருந்தது, அப்போது இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை, அப்போதுதான் கல்யாணம் ஆனது என்று வயது தானாகக் கிடைத்தது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் இப்படி வயது 0-விலும் 5-இலும் முடியும் எண்களில் குவிவதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. "நான் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சேன் சார், ஏற்கெனவே இருக்காம்" என்று வருத்தப்பட்டாள். இதை ஏன் எழுதவில்லை என்றால், "இது என்ன பெரிய விஷயம் சார்" என்றாள்.

இரண்டாவது வரைவின் முதல் வரி: "அரசாங்கக் கணக்கின்படி என் அப்பத்தாவுக்கு ஒன்பது வயதில் கல்யாணம் ஆனது." ஆதாரில் 1955 ஜனவரி 1, புயல் வந்தபோது கல்யாணமாகி ஆறு மாதம். கழித்துப் பார்த்தால் ஒன்பது. இந்தக் கட்டுரையில் 'கணிதம் எனக்குப் பிடிக்கும்' என்ற வாக்கியம் எங்குமே இல்லை. தேவைப்படவில்லை. விடாமல் கேட்கும் குணமும், வயசானவர்களிடம் பொறுமையாகப் பேசும் விதமும், கொஞ்சம் குறும்பும் தானாகத் தெரிந்தன. பரிசுகளைப் பட்டியல் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, தாளில் முதலில் தலைப்பு எழுதாதீர்கள். ஒரு வாரம் நீங்கள் நிஜமாகச் செய்வதையும், யாரும் சொல்லாமலே எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சோகம் தேடி அலைய வேண்டாம். வீட்டில் மரணமோ நோயோ நடந்திருந்து, அதனால் மதிப்பெண் சரிந்திருந்தால் அதைச் சொல்லத் தனிப் பெட்டி ஒன்று காமன் ஆப்பில் இருக்கிறது. நாலு வரியில் அங்கே சொல்லிவிட்டால் கட்டுரை விடுதலையாகிவிடும். சோகத்தையே எழுத விரும்பினால் எழுதலாம், ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் தாத்தா வந்தால் தாத்தாவுக்குத்தான் அட்மிஷன் கிடைக்கும். ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும். அகராதியிலிருந்து எடுத்து ஒட்டிய சொல், வாடகைக்கு எடுத்த கோட்டு மாதிரி தோளில் நிற்காது. 'அப்பத்தா' என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள். ஒரு முறை விளக்கினால் போதும்.

துணைக் கட்டுரைகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகளில் நாலுக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் பதில் கேட்கும். அங்கே அலங்காரம் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்ட் விடுதி அறைத் தோழருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லும். சிகாகோ பல்கலைக்கழகம் "எக்ஸைக் கண்டுபிடி" என்று மட்டும் ஒரு வருஷம் கேட்டது. "எங்கள் கல்லூரி ஏன்?" என்ற கேள்விக்கு, பேரை மாற்றினால் இன்னொரு கல்லூரிக்கும் பொருந்துகிற பதில் எழுதினால் அது பதிலே இல்லை. அங்கே இருக்கும் ஒரு பாடம், ஒரு ஆய்வகம், உங்கள் டைரியோடு எங்கே ஒட்டுகிறது என்று காட்டினால் போதும்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரையே எழுதித் தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இப்போது சாட்ஜிபிடி இலவசமாகவே எழுதித் தருகிறது. இயந்திரம் எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுப்பதைக் காமன் ஆப் மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். போஸ்ட் ஆபீஸ் வரிசையில் யார் என்ன வயசு சொன்னார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? வரைவை இரண்டு பேரிடம் காட்டுங்கள், பத்துப் பேரிடம் வேண்டாம். ஒருவர் உங்களை நன்றாகத் தெரிந்தவர், "இது நான் மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். இன்னொருவர் தெரியாதவர், படித்துவிட்டு உங்களைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று மறுநாள் கேளுங்கள்.

அந்த மாணவி எட்டுக் கல்லூரிகளுக்குப் போட்டாள். இரண்டில் இடம் வந்தது, அதில் ஒன்றுதான் போதுமான பணம் கொடுத்தது. மறுத்த ஆறும் அதே கட்டுரையைத்தான் படித்தன.

கடைசிப் பத்தியில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. "இதிலிருந்து தரவுகளின் அருமையை உணர்ந்தேன்" என்று தொடங்கி ஆறு வரி எழுதியிருந்தாள். அதை அடி என்றேன். "முடிவுரை இல்லாம எப்படி சார்?" என்று இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தாள். பள்ளியில் முடிவுரைக்குத் தனி மதிப்பெண் உண்டே. பிறகு அடித்துவிட்டாள். கட்டுரை 588 சொற்களில், இந்தக் காட்சியோடு நின்றது. ஆதார் திருத்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சரியான வருஷத்தைப் போட்டுவிடலாமா என்று பேத்தி கேட்கிறாள். அப்பத்தா சொல்கிறாள்: "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் தாயி. மாத்தப் போயி பென்ஷன் நின்னுறப் போகுது."